அமல்படுத்துவது யார், யாரை?

களமருதூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்



ஆங்கிலத்தில் ‘என்ஃபோர்ஸ்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. சட்டமோ விதியோ ஒப்பந்தமோ தீர்ப்போ ஏட்டோடு நின்றுவிடாமல் மனிதர்களைக் கட்டுப்படுத்தும்படி பார்த்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் போதும். இதை இத்தாலி மொழியில் எப்படிச் சொல்கிறார்கள், தமிழில் நாம் எப்படிச் சொல்லி வருகிறோம், இதில் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு என்ன சம்பந்தம் என்பதுதான் இன்றைய பேச்சு. இத்தாலிக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்ன உறவு என்று யாரும் சிரிக்க வேண்டியதில்லை. விருத்தாசலத்துக்கு அருகே கோணாங்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், 1680இல் இத்தாலியின் காஸ்தில்யோனே என்ற ஊரில் பிறந்தவர். தமிழ்ச் சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பகுத்துச் சதுரகராதியை 1732இல் முடித்தவர். இரண்டு மொழிகளும் ஒரே மனிதரின் நாவில் கூடிய நிலம் இது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இங்கே புதிய காரியமல்ல.

ஆங்கில–இத்தாலிய அகராதியைத் திறந்தால் இந்த வினைக்கு முன்னால் நிற்கும் சொற்களில் ஒன்று ‘அப்ளிகாரே’. விதியை ஒரு நிகழ்வுக்குப் பொருத்துதல் என்பது அதன் பொருள். வரிக்கணக்கைப் பார்க்கும் எழுத்தர்கூட விதியைப் பொருத்தத்தான் செய்கிறார். அதனால் யாரும் யாருக்கும் அடங்கிவிடுவதில்லை. எனவே தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் அங்கே நிற்பதில்லை. மக்கள் சட்டத்தை மீறாதபடி பார்த்துக்கொள்வது என்றால் ‘ஃபார் ரிஸ்பெத்தாரே’ என்பார், மதிக்கச் செய்தல். ஒருவர் தன் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டுகிறார் என்றால் ‘ஃபார் வலேரே’, செல்லுபடியாகச் செய்தல். தீர்ப்பு என்றால் நிறைவேற்றுதல். விருப்பமில்லாதவர் தலையில் ஒன்றை ஏற்றினால் ‘இம்போர்ரே’, திணித்தல். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களில் குற்றத்தைத் தடுக்கும் காவல் அமைப்புகளை ‘கொன்த்ராஸ்தோ’, அதாவது எதிர்த்து நிற்றல், என்ற சொல்லால் குறிக்கிறார்கள். ஆங்கிலத்தின் ஒரு சொல் இத்தாலியில் ஐந்தாகப் பிரிந்துவிடுகிறது. இத்தாலியர் இதை மொழியின் வறுமையாகக் கருதுவதில்லை. யார், எதைக் கொண்டு, யாரை என்று கேட்டுவிட்டுத்தான் அவர்களால் வாக்கியத்தைத் தொடங்க முடிகிறது.

‘செய்யவை’ என்ற பொருளுள்ள இந்த ‘ஃபார்’ நமக்குப் பழகிய சங்கதி. அடங்கு என்பதை அடக்கு என்றும், நட என்பதை நடத்து என்றும் ஆக்கும் மொழி நம்முடையது. அப்படி ஆக்க முடியாத இடத்தில் மதிக்கச் செய், கட்டுப்பட வை என்று துணைவினை சேர்த்துவிடுவோம். பிறவினைக்கு நமக்கு இலக்கணமே இருக்கிறது. ஆங்கிலத்தில் வினையின் உருவை மாற்றிப் பிறவினையாக்கும் வழி ஏறக்குறைய மறைந்துபோனது. அங்கே வலிமையைக் குறிக்கும் ‘ஃபோர்ஸ்’ சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் இத்தாலி போன வழியில் தமிழ் இன்னும் எளிதாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாம் ‘அமல்படுத்து’ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டோம்.

அமல் என்பது செயல், வேலை என்ற பொருளுள்ள அரபுச் சொல். பாரசீகம் அரசவை மொழியாக இருந்த காலத்தில் வரிவசூல் வழியாக இந்தப் பக்கம் வந்தது. அமல்தார் என்ற பதவிப் பெயரும் அதோடு வந்ததே. இலங்கைத் தமிழர் இதையே அமுல் என்று எழுதுகிறார்கள். பிறப்பைப் பார்த்து அதன்மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. என் குறை வேறு. இந்தச் சொல்லுக்கு நாம் மூன்று வேலைகளைக் கொடுத்திருக்கிறோம். ஒரு சட்டம் இன்ன தேதியிலிருந்து செல்லும் என்றால் ‘அமலுக்கு வந்தது’. காலை உணவுத் திட்டத்தை நடத்தினால் ‘அமல்படுத்தினார்கள்’. தலைக்கவசம் அணியாதவரை நிறுத்தி அபராதம் போட்டாலும் ‘அமல்படுத்தினார்கள்’. தொடங்குவது, நடத்துவது, பணியவைப்பது ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் கரைந்துவிட்டன. ‘அரசு சட்டத்தை அமல்படுத்தியது’ என்ற வாக்கியத்தில் அரசு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. கட்டுப்பட வேண்டிய ஆள் இல்லை. தனித்தமிழில் ‘நடைமுறைப்படுத்து’ என்றோ ‘செயல்படுத்து’ என்றோ மாற்றினாலும் அந்த ஆள் வரப்போவதில்லை. இந்திக்காரர்களின் ‘பிரவர்த்தன்’ என்ற சொல்லும் இயங்கவைப்பது என்ற அளவோடு நிற்கிறது. 1956இல் ஒரு பிரிவாகத் தொடங்கி அடுத்த ஆண்டு இயக்குநரகமான ஒன்றிய அரசின் அமைப்பை நாளிதழ்கள் அமலாக்கத் துறை என்கின்றன. அன்றாடம் செய்தியைப் படிப்பதால் அது என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியும். பெயரை மட்டும் கேட்பவர், அரசுத் திட்டங்களை நடத்தும் அலுவலகம் போலும் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இது வெறும் சொல் அழகுப் பிரச்சினைதானே என்று நினைப்பவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 37ஆம் உறுப்பைப் பார்க்க வேண்டும். வழிகாட்டும் நெறிகள் என்ற பகுதியின் வாசற்படி அது. அதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன்: இந்தப் பகுதியில் உள்ளவற்றை எந்த நீதிமன்றமும் ‘என்ஃபோர்ஸ்’ செய்ய முடியாது, ஆனாலும் நாட்டை ஆள்வதற்கு இவையே அடிப்படை, சட்டம் இயற்றும்போது இவற்றை ‘அப்ளை’ செய்வது அரசின் கடமை. ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள் எதிரெதிராக நிற்கின்றன. இரண்டையும் அமல்படுத்து என்று பெயர்த்தால் என்ன வரும்? நீதிமன்றம் அமல்படுத்த முடியாது, அரசு அமல்படுத்த வேண்டும் என்று வரும். ஆள் மாறுவதுதான் வேறுபாடு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் மாறுவது செயலின் தன்மை. முதலாவது, குடிமகன் வழக்குப் போட்டு அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. இரண்டாவது, கட்டாயப்படுத்த ஆள் இல்லாவிட்டாலும் அரசு தானே கைக்கொள்ள வேண்டும் என்கிறது. இத்தாலியில் அகராதியை மட்டும் நம்பி இரண்டுக்கும் ‘அப்ளிகாரே’ போட்டாலும் இதே விபத்துதான். தமிழில் இதைத் தப்பாமல் எழுதுவது கடினமில்லை: நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற முடியாதவை, ஆனால் சட்டம் இயற்றும்போது அரசு பின்பற்ற வேண்டியவை.

அதே அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. தீண்டாமையின் பெயரால் ஒருவர்மேல் ஏதேனும் ஒரு தடையை ‘என்ஃபோர்ஸ்’ செய்வது குற்றம் என்கிறது. இங்கே செய்பவர் அரசு அல்ல; கிணற்றங்கரையிலோ தேநீர்க் கடையிலோ நிற்கும் ஒரு மனிதர். செயலும் சட்டத்தைக் காப்பதல்ல, சட்டத்துக்கு விரோதமானது. திணித்தல் என்று தமிழில் தெளிவாகச் சொல்லலாம். 32ஆம் உறுப்பிலோ அதே சொல் குடிமகன் கையில் வந்து சேர்கிறது. அடிப்படை உரிமைகளை ‘என்ஃபோர்ஸ்’ செய்ய உச்ச நீதிமன்றத்தை அணுகுவதே ஓர் உரிமை என்கிறது அது. 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்த உறுப்பைத்தான் அரசமைப்பின் உயிர் என்ற பொருள்படக் குறிப்பிட்டார். இங்கே பணியவைக்கப்படுவது அரசு. குடிமகன் தன் உரிமையைச் செல்லுபடியாக்குகிறான், இத்தாலியரின் ‘ஃபார் வலேரே’. ஆக, ஒருவர் இன்னொருவரை மிதிப்பதற்கும், மிதிபட்டவர் அரசை வழிக்குக் கொண்டுவருவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ஆங்கிலம் அறிந்தவருக்கு எழுவாயும் செயப்படுபொருளும் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடும். தமிழில் இரண்டு இடத்திலும் அமல் என்றால் முன்னது கேலியாகவும் பின்னது மந்தமாகவும் ஒலிக்கும்.

நம் முன்னோருக்கு இந்தக் கருத்து தெரியாது, அதனால்தான் சொல் இல்லை என்று ஒரு வாதம் அடிக்கடி எழும். அதற்குப் பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருநாவலூர்ச் சுந்தரருக்குப் புத்தூரில் திருமணம் நடக்கும் நேரத்தில் ஒரு முதியவர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை என்னிடம் இருக்கிறது என்று வழக்கிடுகிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படி, மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைச் சொல்லும்போது ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்று மூவகைச் சான்றுகளையும் கணக்கில் எடுக்கிறார். பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் காட்சியும் உண்டு. பக்திக் கதை என்பது இருக்கட்டும். ஓர் ஒப்பந்தத்தைச் சபையின் முன் செல்லுபடியாக்குவது எப்படி என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன சமூகத்துக்கு அந்தக் கருத்து தெரியாது என்று யாரால் சொல்ல முடியும்? இன்னொன்றையும் கவனியுங்கள். சபை ஆள்விட்டுச் சுந்தரரைக் கட்டி இழுக்கவில்லை. நீ தோற்றாய், இவருக்கு ஆட்படுவதே உன் கடன் என்று சொல்கிறது. அவரும் பின்தொடர்ந்து போகிறார். சட்டத்தால் செல்லக்கூடிய உடன்பாடே ஒப்பந்தம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வரையறை சொல்கிறதே, அந்தச் செல்லுந்தன்மைதான் இது. வலிமை தீர்ப்பின் கட்டில் இருக்கிறது, தடியில் இல்லை. தடி வேறு வகை. இத்தாலியர் இரண்டுக்கும் இரண்டு வினை வைத்திருப்பதன் காரணமும் இதுவே.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1937ஆம் ஆண்டின் சென்னை மதுவிலக்குச் சட்டத்தை ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில், அந்த ஆண்டு அக்டோபர் முதல் நாளில் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் நிறுத்தி வைத்தார்கள், பிறகு கொண்டுவந்தார்கள், மறுபடி தளர்த்தினார்கள். 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போயிற்று. சட்டத்தின் பெயரில் உள்ள ‘மதுவிலக்கு’ மட்டும் மாறவில்லை. காவல் துறையில் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு என்ற பெயரும் அப்படியே நிற்கிறது. அரசே மது விற்கும் மாநிலத்தில் அந்தப் பிரிவு எதை அமல்படுத்துகிறது? ஓர் இத்தாலிய மொழிபெயர்ப்பாளரிடம் இந்தப் பெயரைக் கொடுத்தால் அவர் திகைப்பார். மதுவிலக்கை மதிக்கச் செய்யும் பிரிவு என்றால் உண்மையாகாது, யாரும் குடியை விடும்படி அது செய்வதில்லை. கள்ளச்சாராயத்தை எதிர்க்கும் பிரிவு என்று, ‘கொன்த்ராஸ்தோ’வைப் போட்டு, எழுதுவார். அதுதான் சரியான பெயர். நம் பெயரோ ஒரு மறைந்துபோன கொள்கையின் தொப்பியைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

கல்வராயன் மலையைப் பற்றிய செய்திகளில் பல ஆண்டுகளாக ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: இத்தனை ஆயிரம் லிட்டர் சாராய ஊறல் கொட்டி அழிப்பு. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் பேரலில் ஊற வைத்ததை ஓடையோரமாகக் கண்டுபிடித்துக் கவிழ்ப்பது. இதுவும் அமலாக்கம் என்ற கணக்கில்தான் ஏறும். 2024 ஜூன் 18ஆம் தேதி இரவும் மறுநாளும் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்று ஊர்களிலும் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது மலையின் ஊறல் அல்ல, மெத்தனால். அது ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இரசாயனம், ஓடையோரம் வடிப்பதில் அந்த அளவுக்கு வராது. அதை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்ற விதி புதிதல்ல. அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர் ஆலைக்காரர், கிடங்குக்காரர், லாரியில் ஏற்றுபவர். ஊறல் பேரலைக் கவிழ்க்கும்போது கட்டுப்பட வேண்டிய ஆள் பெரும்பாலும் அங்கே இருப்பதுகூட இல்லை. தப்பியோடியவரைத் தேடுவதாகச் செய்தி முடியும். அமல் என்ற ஒரே சொல்லில் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுபோல எண்ணப்படுகின்றன. லிட்டர் கணக்கு உயர்ந்தால் அமலாக்கம் நன்றாக நடக்கிறது என்று பொருளாகிவிடுகிறது. யாரைக் கட்டுப்பட வைத்தீர்கள் என்று கேள்வி அமைந்திருந்தால் லிட்டர் அதற்கு விடையாகாது.

சொல்லை மாற்றினால் சாவு நின்றிருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நிற்காது. மெத்தனால் வந்த வழிக்கு மொழிபெயர்ப்பைப் பொறுப்பாக்குவது பைத்தியக்காரத்தனம். நான் சொல்வது அதைவிடச் சிறியது. சாவுக்குப் பிறகு நடந்த விவாதத்தைப் பாருங்கள். அதே ஜூன் மாத இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் சிறை வரை தண்டனையைக் கடுமையாக்கியது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மாநிலக் காவல் துறையிடமிருந்து சி.பி.ஐ.க்கு மாற்றியது. முன்னது சட்டத்தின் எழுத்தைக் கூர்மையாக்குவது. பின்னது, காவலரே கட்டுப்பட்டார்களா என்று வெளியிலிருந்து பார்ப்பது. இரண்டும் வெவ்வேறு செயல்கள், வெவ்வேறு ஆட்களைக் குறிவைப்பவை. மேடைகளிலோ இரண்டும் ‘மதுவிலக்கைக் கடுமையாக அமல்படுத்துதல்’ என்ற ஒரே தொடருக்குள் போய்விட்டன. தண்டனையைக் கூட்டியதும் அமல் முடிந்தது என்ற எண்ணம் வர இந்தத் தொடர் இடம் தருகிறது. மறைப்பது அதன் நோக்கமல்ல, ஆனால் மறைக்கிறது.

இதே கல்வராயன் மலையில் இன்னொரு சட்டம் தலைகீழாக நடந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 2007இன் கடைசி நாளில் அமலுக்கு வந்தது என்று எழுதுவோம். வந்தது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைச் சான்று வழங்குவது தடைபட்டு, உச்ச நீதிமன்றம் 2016இல் வழிவிடும் வரை மலைவாழ் மக்கள் கையில் தாள் வரவில்லை. எட்டு ஆண்டுகள் அமலில் இருந்தும் யாரிடமும் போய்ச் சேராத சட்டம். ‘வன உரிமைச் சட்டத்தை அமல்படுத்து’ என்று தட்டி பிடித்தவர்கள் கேட்டது தொடங்கச் சொல்லி அல்ல. எங்கள் உரிமையைச் செல்லவிடு என்று. ஜாகிர்கள் எனப்பட்ட கல்வராயன் மலையின் மானிய நிலங்கள் அரசின் கைக்கு வந்ததே 1976இல்தான். அங்கே சட்டம் என்பது மேலிருந்து இறங்கி மனிதரை அடக்கும் ஒன்றாகத்தான் நெடுங்காலம் தெரிந்திருக்கிறது. குடிமகன் அரசைக் கட்டுப்படுத்தப் பிடித்திருக்கும் கயிறும் அதுவே என்பதைச் சொல்ல, அடக்குவதற்கும் நடத்துவதற்கும் பயன்படும் அதே சொல் போதாது.

சட்டத் தமிழ் அறிந்தவர்கள் ஒரு வலுவான மறுப்பை வைப்பார்கள். சட்டத்தில் ஒரு மூலச் சொல்லுக்கு ஒரே பெயர்ப்புதான் இருக்க வேண்டும். இடத்துக்கு ஒரு சொல் போட்டால் வழக்கறிஞர்கள் அதில் புகுந்து விளையாடுவார்கள். இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ‘ஒப்பந்தம்’, ‘குற்றம்’, ‘உடைமை’ போன்று சட்டமே வரையறுத்த சொற்களுக்கு இது முழுக்கப் பொருந்தும். நாம் பேசும் வினையை நான் காட்டிய உறுப்புகளில் எதுவும் வரையறுக்கவில்லை. சொல் சுற்றியிருப்பதைக் கொண்டு பொருள் கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 24 அலுவல் மொழிகளின் வாசகங்களும் சம மதிப்புள்ளவை. ஐயம் வந்தால் நீதிமன்றம் பல மொழி வாசகங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு வினையைப் பல வினைகளாகப் பிரித்ததால் இத்தாலியில் சட்டம் நொறுங்கிவிடவில்லை. நம்மிடமோ அபாயம் இன்னும் குறைவு. மாநிலச் சட்டம் தமிழில் இயற்றப்பட்டாலும் அதன் ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது என்று 348ஆம் உறுப்பு சொல்கிறது. அது சரியா என்பது தனி வழக்கு. இருக்கும் வரையில், தமிழ் வாசகத்தின் முதல் வேலை குடிமக்களுக்கு விளங்குவது. விளங்காத ஒருமைப்பாட்டைக் காப்பாற்றி அது யாருக்கு உதவப்போகிறது?

‘செயலுறுத்து’ என்ற சொல்லைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நல்ல சொல், உறுத்து என்பதில் ஓர் அழுத்தம் இருக்கிறது, அமலைவிட ஒரு படி மேல். உரிமைகளுக்கும் தீர்ப்புகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அதையும் ஒற்றைச் சாவியாக எல்லாப் பூட்டுக்கும் கொடுத்தால், தீண்டாமையைச் செயலுறுத்துவது குற்றம் என்று எழுத நேரும். கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல் ஒருவரைத் துரத்தியதை அந்தச் சொல் ஏதோ அலுவலக நடவடிக்கை போலக் காட்டிவிடும்.

கடைசியாக, நீளம். அமலாக்கத் துறை என்பது பலகையில் அடங்குகிறது, சட்டத்தை மதிக்கச் செய்யும் துறை என்றால் அடங்குமா என்பார்கள். பலகையை நான் விட்டுக்கொடுக்கிறேன். பெயர் பெயராக இருக்கட்டும். அரசியல் செய்தி படிக்கிறவர்களுக்கு அது பழகிவிட்டது. ஆனால் சட்டமன்றத்தில் கேட்கும் கேள்வியிலும், கிராம சபைத் தீர்மானத்திலும், தகவல் உரிமை மனுவிலும், நாளிதழின் தலைப்பிலும் இடம் இருக்கிறது. ‘மெத்தனால் விதிகள் முறையாக அமல்படுத்தப்படுகின்றனவா’ என்று கேட்டால் ஆம் என்ற ஒரு சொல்லில் பதில் வந்துவிடும். ‘மெத்தனால் வைத்திருப்பவர்களின் இருப்புக் கணக்கை யார், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்கிறார்கள், கணக்கில் குறைந்தால் யார்மேல் என்ன நடவடிக்கை’ என்று கேட்டால் பதிலில் ஓர் அதிகாரியின் பதவியும் ஒரு தேதியும் ஓர் எண்ணும் வந்தாக வேண்டும்.